பாடமாகும் உடலும் படமாகும் உடலும்

நோய் தீர்வதற்கு வேண்டுவன எவை என ஆராய்ந்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என நான்கினைக் கூறிச் சென்றார். நூற்றாண்டுகள் பல கழிந்தும் அக்கணக்கு பிழைபடவில்லை. ஆயினும் இன்றைய பெருநகர் மருத்துவமனை ஒன்றினுள் நுழைவோர், அங்கே ஐந்தாமவர் ஒருவர் நிற்பதைக் காணத் தவறார். வெள்ளை மேலங்கியும் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்புமாக நிற்கும் அவர் மருத்துவ மாணவர். நோயைத் தீர்க்க வந்தவரல்லர். நோயைக் கற்க வந்தவர். அண்மைக் காலமாக ஆறாவது ஒன்றும் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அது அம்மாணவரின் உள்ளங்கையில் ஒளிரும் கைப்பேசி.

இந்த ஆறாவதனைப் பற்றியே நாம் ஈண்டு எண்ணிப் பார்க்கப் புகுகின்றோம். பிறருடைய உடலிலிருந்து கற்கப்படும் கல்விக்காகக் கற்பவன் யாருக்குக் கடன்பட்டவன்? அந்தக் கடனின் இயல்பைக் கைப்பேசி மாற்றிவிட்டதா?

மும்பைவாழ் தமிழராகிய நமக்கு இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று. தாராவியை ஒட்டி நிற்கிறது லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. சயான் மருத்துவமனை என்றால்தான் நம்மவர்க்கு விளங்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட அம்மருத்துவமனையோடு இணைந்த கல்லூரி 1964-ஆம் ஆண்டு தோன்றியது. அதன் நகர்ப்புற நலவாழ்வு மையம் ஒன்று தாராவிக்குள்ளேயே உண்டு. மக்கள் அதனைச் 'சோட்டா சயான்' என்று செல்லமாக அழைக்கின்றனர். தோல் பதனிடும் தொழிலுக்கென நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் வழிவந்தோர், உத்தரப் பிரதேசத்தினர், குஜராத்தியக் குயவர், கொங்கணக் கரையினர் என எல்லாரும் அப்படுக்கைகளில் மாறிமாறிப் படுக்கின்றனர். தலைமுறை தலைமுறையாக மாணவர் கற்றது அவர்களிடமிருந்தே.

மத்திய அரசில் எழுத்தராகப் பணியாற்றும் நமக்கோ நலவாழ்வுத் திட்ட அட்டை உண்டு. ஆன்டாப் ஹில் குடியிருப்பிலிருந்து நடந்தே மருந்தகத்துக்குச் சென்று, வரிசையில் நின்று, மாத்திரையுடன் திரும்புகின்றோம். செம்பூரில் வீடு வாங்கிவிட்ட நண்பர்கள் காப்பீட்டு அட்டையுடன் தனியார் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். அங்கெல்லாம் பத்து மாணவர் சூழ்ந்துநின்று நம் வயிற்றை அழுத்திப் பார்ப்பதில்லை. ஆனால் நம்மைக் குணப்படுத்தும் அந்தப் பெரிய மருத்துவர் எங்கே கற்றார் என்று கேட்டால், பெரும்பாலும் சயான், பரேலின் கே.இ.எம்., நாயர் என்றே விடை வரும். அவரது விரல்நுனியின் நுண்ணறிவு, பல்லாண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத ஏழை ஒருவரின் விலாப்புறத்தில் கற்றது. அதற்குக் கட்டணம் செலுத்துவது நாம். அதனை முதற்கண் கற்பித்தவர்க்கு ஒரு காசும் இல்லை. பாடமாகும் உடல் ஒருவருடையது, பயன்பெறும் உடல் இன்னொருவருடையது என்னும் இந்த ஏற்றத்தாழ்வு கைப்பேசி கொணர்ந்ததன்று. அது மிகப் பழையது.

எத்துணைப் பழையது என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. உலகெங்கும் மருத்துவ மாணவர் போற்றும் கிரேயின் உடற்கூற்று நூல் 1858-இல் இலண்டனில் வெளியாயிற்று. அதன் பெருமைக்குப் பாதிக்கு மேற்பட்ட காரணம் அதிலுள்ள படங்கள். அவற்றை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்னும் இளம் மருத்துவர். நூல் வெளிவந்த அதே ஆண்டில் அவர் நம் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார்! கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்து, 1888 வரை இந்தியப் பணியிலேயே இருந்தார். அவர் இலண்டனில் வரைந்த உடல்கள் யாருடையவை? 1832-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமைகோர எவருமின்றி ஏழையர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் மாண்டவர்களின் உடல்களே அன்றைய அறுவை மேசைகளுக்கு வந்தன. படம் நிலைத்தது, பெயர் மறைந்தது.

இங்கு வந்தபின் கார்ட்டர் ஆராய்ந்த நோய்களுள் ஒன்று, காலில் புண்ணாகிப் புரையோடும் ஒருவகைப் பூஞ்சை நோய். மருத்துவ உலகம் அதனை 'மதுரைக் கால்' என்று வழங்கிற்று. நம் மதுரையில் அது முதன்முதல் விவரிக்கப்பட்டமையால் வந்த பெயர். வெறுங்காலுடன் உழுது, முள் தைத்து, அந்நோயுற்ற உழவர் எத்தனை பேர்! ஊரின் பெயர் நூலில் ஏறிற்று. அவர்களுள் ஒருவர் பெயரேனும் ஏறவில்லை. (மதுரைக்குப் பெருமை சேர்க்கும் செய்திகளைத் தொகுப்போர் இதனை விட்டுவிடுவது வழக்கம்.)

கிரேயின் நூல் தமிழுக்கும் வந்தது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இளைஞர்க்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் நகரங்களை நாடிப் போய்விடுகின்றனர், சிற்றூரார்க்குப் பயன்படுவதில்லை என்பதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். கிரே முதலானோரின் நூல்களைத் தழுவி 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலை 1872-இல் வெளியிட்டார். அச்சடித்த தமிழ்ப் புத்தகமே அன்று மருத்துவக் கல்விக்கு வந்த புதுக்கருவி எனலாம். அக்கருவி மாணவனை நோயாளிக்கு அருகே கொண்டுவந்தது; இருவரும் ஒரே மொழியில் பேசினர். கருவி எதுவாயினும் அதனிடம் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வியைக் கிறீனின் முயற்சி நமக்குச் சுட்டுகிறது: இது இருவரையும் நெருங்கச் செய்கிறதா, விலக்குகிறதா?

இலண்டன் நிலைமை நமக்கு அயலானதென்றும் கருதவேண்டா. நம் மாநிலத்திலும் 1949-ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டம் உண்டு. உரிமைகோருவார் இல்லாத உடல்கள் அதன்வழி மருத்துவக் கல்லூரிகளுக்குச் செல்லும். ஊரைவிட்டு ஓடிவந்து, தாதர் நிலையத்தில் இறங்கி, முகவரி எதுவும் இன்றி உழைத்து, அப்படியே மறைந்துபோன தமிழர் எத்தனை பேர் என்பதற்கு நம் சங்கங்களில் கணக்கில்லை. ஊரில் தாய் காத்திருந்தாள். இங்கே மகன் எலும்பும் தசையுமாகப் பாடமானான். இது நிகழவில்லை என்று நம்முள் யார் உறுதிகூற வல்லார்? ஆகவே இன்று கணினித் திரையில் ஓர் உடலை வெட்டாமலே அறுத்துக் காட்டும் எண்ணிம மேசைகள் கல்லூரிகளுக்கு வரும்போது, நாம் அவற்றை ஐயத்துடன் நோக்கவில்லை. ஓர் அநாதைப் பிணமேனும் குறையுமாயின் நன்றே என்று எண்ணுகின்றோம்.

கைப்பேசியின் நன்மைகளையும் மறைத்தல் முறையன்று. மருத்துவப் புத்தகத்தின் விலை எளிய குடும்பத்தை நடுங்கவைக்கும். மாட்டுங்காவில் மளிகைக்கடையில் கணக்கெழுதுபவரின் மகளும், மலபார் ஹில் மருத்துவரின் மகனும், இன்று ஒரே விரிவுரையை ஒரே அளவுத் திரையில் கேட்கின்றனர். மாரோ, பிரெப்லேடர் முதலிய செயலிகள் இல்லாத மாணவர் அறையைக் காண்பது அரிது. அவற்றுக்கும் கட்டணம் உண்டெனினும், முன்னைய வேறுபாடு பெருமளவு குறைந்தது என்பதில் ஐயமில்லை.

அதனினும் பெரிய நன்மை நோயாளிக்கே உண்டு. 1816-இல் பாரிஸ் நகரில் லேனெக் என்னும் மருத்துவர், இளம்பெண் ஒருத்தியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்க நாணி, தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அவ்வாறே. மருத்துவர்க்கும் நோயாளிக்கும் இடையே நுழைந்த அக்கருவி, கூச்சத்தைக் காக்கவென்றே நுழைந்தது! இன்று எண்ணிம ஸ்டெதாஸ்கோப் இதய ஒலியைப் பதிவுசெய்கிறது. முடக்குவாதக் காய்ச்சலால் இதயத் தடுக்கிதழ் பழுதுற்ற பெண்ணொருத்தியின் மார்பில் பதினைந்து மாணவர் ஒருவர்பின் ஒருவராகக் கருவியை வைத்து அழுத்திக் கேட்ட காலம் போய், ஒருமுறை பதிந்து பதினைந்து பேரும் கேட்க வழி பிறந்துள்ளது. மூச்சுத் திணறுகின்றவளுக்கு இது பேருதவி அன்றோ? படம்பிடித்தல் தீது, பதிவுசெய்தல் தீது என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கண்ணால் கண்டதைக் கண்டவர் மறப்பார்; நினைவில் வைத்தாலும் பிறர் கையில் எடுத்துக் கொடுக்க இயலாது. பார்வை கடனாகப் பெற்றது, பார்த்தவரோடு ஒடுங்கிவிடுவது. கைப்பேசியில் ஏறிய உருவமோ, ஒரு நொடியில் வாட்ஸப் குழுவொன்றுக்குச் சென்று, அங்கிருந்து இருநூறு பேரின் கருவிகளில் குடியேறி, எடுத்தவரே அழித்தாலும் அழியாது வாழ்வது. கொடுத்தவர் திரும்பக் கேட்க இயலாத பொருளைக் கடன் என்று எவ்வாறு சொல்வது?

நம் அறிமுகத்துக்குரிய மூதாட்டி ஒருவர், நெல்லைப் பக்கத்தவர், தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கழுத்தில் தைராய்டு வீக்கம். நகரின் மருத்துவமனை ஒன்றில் மாணவர் அறுவர் அவரைச் சூழ்ந்து நின்று பார்த்தனர், தொட்டுப் பார்த்தனர், எச்சிலை விழுங்கச் சொல்லி வீக்கம் ஏறியிறங்குவதைப் பார்த்தனர். அதற்கெல்லாம் அவர் முகம் சுளிக்கவில்லை. "படிக்கிற பிள்ளைய, பாத்தாத்தான தெரியும்" என்றார். பின்னர் இருவர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தனர். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்களது மொழி அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். சில நாள் கழித்து அவரைக் காணச் சென்ற நம்மிடம் அவர் கேட்டார்:

"ஏந் தம்பி, எங் கழுத்தப் படம் புடிச்சிட்டுப் போனாவள்லா, அது இப்ப யாருகிட்ட இருக்கும்?"

விடை கூற நம்மால் இயலவில்லை. அவரே சிரித்துக்கொண்டு தொடர்ந்தார்: "எங்க வீட்டு ஆளு போனப்ப மால போடக்கூட ஒரு படம் கெடையாது. எங் கழுத்து மட்டும் எங்கெங்கயோ கெடக்கு, பாத்தியளா."

அவர் சினந்து பேசவில்லை என்பதை மீண்டும் சொல்லவேண்டும். அவர் கேட்டது ஒரு முகவரி. தம் உடலின் ஒரு பகுதி எங்கே தங்கியிருக்கிறது என்னும் செய்தி.

இதனை எண்ணும்போது நம் அலுவலகம் நினைவுக்கு வருகிறது. சிவப்பு நாடா என்று நம்மை எள்ளி நகையாடுவோர் பலர். ஆயினும் அங்கே ஒரு தாள் வெளியே செல்லவேண்டுமாயின் அனுப்புகைப் பதிவேட்டில் எண் ஏறவேண்டும். நகல் எடுத்தால் 'உண்மை நகல்' என்று ஒருவர் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க வேண்டும். கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு எந்நாளில் சென்றது என்பது எழுத்தில் இருக்கும். மின்கோப்பு வந்த பின்னும் அவ்வழக்கம் மாறவில்லை. பயணப்படிப் பட்டியல் ஒன்றுக்கு இத்துணைக் காவல்! ஒரு கிழவியின் கழுத்துக்கு ஒரு பதிவெண்ணும் இல்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. மருத்துவர் நடத்தை பற்றிய 2002-ஆம் ஆண்டு விதிகள், நோயாளி இன்னாரென அடையாளம் தெரியும் வகையில் அவரது படத்தை அவர் இசைவின்றி இதழ்களில் வெளியிடலாகாது என்கின்றன. அடுத்த வரியிலேயே, அடையாளம் வெளிப்படாதெனில் இசைவு வேண்டியதில்லை என்றும் கூறுகின்றன. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்து, அம்மாதமே நிறுத்திவைக்கப்பட்டு, மீண்டும் 2002 விதிகளே நடைமுறைக்கு வந்தன. முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்னும் இக்கருத்து முதல் நோக்கில் நியாயமாகவே தோன்றும். மூதாட்டியின் முகம் அப்படத்தில் இல்லை. யாரும் அவரை இன்னாரென அறியப்போவதில்லை. அவருக்கு என்ன இழப்பு?

இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. இழப்பு ஏற்பட்டால்தான் கேட்க வேண்டும் என்பது, நம் வீட்டுத் தோட்டத்துப் பூவைப் பறிப்பவர் 'செடிக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்பதைப் போன்றது. செடிக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஆயினும் வீட்டில் ஆள் இருக்கின்றார் என்பதை அவர் மறந்துவிட்டார். முகமற்ற கழுத்துக்கும் உடையவர் ஒருவர் உண்டு. அவர் தம்மைக் கழுத்து என்று கருதுவதில்லை.

பார்ப்பதே தவறாகும் இடங்கள் உண்டென்பதைச் சட்டம் முன்பே ஏற்றிருக்கிறது. கருவிலுள்ள மகவு ஆணா பெண்ணா என்று கருவி கொண்டு கண்டறிவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நாட்டிலேயே முதன்முதலாக 1988-இல் இயற்றியது நம் மராட்டிய மாநிலம். நாடு முழுமைக்குமான சட்டம் 1994-இல் வந்தது. கருவியால் காண இயல்கின்றது என்பதனாலேயே காண உரிமை பிறந்துவிடாது என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. பின்னர், 2023-இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. அச்சட்டத்தில் நம் நெஞ்சைத் தொட்ட பகுதி ஒன்றுண்டு. ஒருவரைப் பற்றிய தரவைப் பெற இசைவு வேண்டும்போது, அவ்வேண்டுகோளை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலுமோ பெறும் வாய்ப்பை அவருக்கு அளிக்கவேண்டும் என்கிறது அது. எட்டாம் அட்டவணையில் தமிழ் இருக்கிறது! தந்த இசைவை மீட்டுக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது. மாணவர் தம் சொந்தக் கருவியில் தம் படிப்புக்கென எடுக்கும் படம் அச்சட்டத்தின் எந்தப் பிரிவுக்குள் அடங்கும் என்று வழக்கறிஞர் வாதிடட்டும். மொழியைப் பற்றிய அந்த நெறி, சட்டம் செல்லாத இடத்திலும் செல்லத்தக்கது.

"கேட்டால் மறுத்துவிடுவர், மறுத்தால் மாணவர் எவ்வாறு கற்பது? மாணவர் கல்லாவிடில் நாளை ஏழைக்கே தீங்கு" என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். வன்மையான வாதம். அதற்கு விடை சயான் மருத்துவமனையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1989-இல் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி அங்கே தொடங்கப்பட்டது. குறைமாதத்தில் பிறந்து, தன் தாயின் பால் கிட்டாத மகவுக்கு வேறு தாயரின் பால் சேர்த்து, சோதித்து, பதப்படுத்தி ஊட்டும் ஏற்பாடு. அப்பாலைத் தருவோர் யார்? செல்வச் சீமாட்டியரா? அதே கூடத்தில் மகப்பேற்றுக்கு வந்த எளிய பெண்களன்றோ! தன் உடலிலிருந்து ஊறுவதை முகமறியாப் பிள்ளைக்குத் தர அவர்கள் தயங்கவில்லை. ஏன்? அவர்களிடம் கேட்டனர், எதற்கென விளக்கினர். பால் தர இசைந்த ஏழை, படம் தர மறுப்பாள் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது அவளை அறியாதார் கூற்று. நம் மூதாட்டியும் 'படிக்கிற பிள்ளைய' என்று சொன்னவர்தாம்.

ஆனால் மறுப்பவளும் இருப்பாள். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் கொடை என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. நெருக்கடி மிகுந்த கூடத்தில், தரையில் விரித்த மெத்தையில் கிடப்பவர், 'வேண்டா' என்றால் மருந்து தாமதமாகுமோ என்று அஞ்சுவார். அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு, கேட்பவருடையது.

ஒளிப்படக் கருவி ஏழைக்கு எதிராகவே திரும்பும் என்பதும் உண்மையன்று. 2020 மே மாதத்தில், கொரோனாப் பெருந்தொற்றின் கொடுமைக்கிடையே, சயான் மருத்துவமனைக் கூடத்தில் நோயாளிகளுக்கு அருகிலேயே கறுப்பு உறைகளில் பொதிந்த உடல்கள் கிடந்த காட்சி கைப்பேசிப் படமாக நாடெங்கும் பரவியது. மாநகராட்சி விசாரணைக்கு ஆணையிட்டது. அப்படமும் இசைவு பெற்று எடுத்ததன்று. ஆயினும் அதனை நாம் குறைகூற மாட்டோம். வலிமையற்றோரின் நிலையை வலிமையுடையோர்க்குக் காட்டிய படம் அது. கருவி ஒன்றே, அது யாரிடமிருந்து யாரை நோக்கி உயர்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஆனால் அங்கே கிடந்தவர்களின் உற்றார் அப்படத்தைத் தம் கைப்பேசியில் கண்டபோது என்ன எண்ணினரோ என்னும் உறுத்தலும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. படம் எடுப்பதைக் காட்டிலும், திரையைப் பார்த்துக்கொண்டு நோயாளியைப் பாராதிருப்பது மேலும் பெரிய இழப்பாகலாம். பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது கைப்பேசியே கல்லூரியாயிற்று. அது இல்லையேல் மாணவர் நிலை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சீனாவில் பயின்று, இடையில் தாயகம் திரும்பி, எஞ்சிய படிப்பை இணையவழியில் முடித்தவர்களது வழக்கில், நேரடி மருத்துவமனைப் பயிற்சி இன்றியமையாதது என்பதை வலியுறுத்தி, அக்குறையை ஈடுசெய்ய ஒரு திட்டம் வகுக்குமாறு தேசிய மருத்துவ ஆணையத்தைப் பணித்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே சென்ற வழக்கு அது. பிள்ளைகளைக் கடன்பட்டு வெளிநாடு அனுப்பிய நம்மவர் இல்லங்களில் அத்தீர்ப்பு எத்துணை இரவுகளின் உறக்கத்தைக் கெடுத்தது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அதன் உட்கருத்து சரியே. திரையில் கல்லீரலைக் காணலாம். வீங்கிய கல்லீரலின் ஓரம் விரலில் தட்டுப்படும் அந்த உணர்வைத் திரை தருவதில்லை.

மொழியின் இடரும் இத்தகையதே. மராட்டியோ இந்தியோ பேசும் மாணவர், தமிழ் மட்டும் அறிந்த மூதாட்டியிடம் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டுகிறார். நன்முயற்சியே. ஆனால் நம் மொழியில் கால் உளையும், இடுப்பு கடுக்கும், நெஞ்சு கரிக்கும், பல் கூசும், தலை கிறுகிறுக்கும். செயலியோ பலவற்றையும் ஒரே 'வலி' ஆக்கிவிடுகிறது. நெஞ்சு கரிப்பதற்கும் நெஞ்சு வலிப்பதற்கும் இடையே ஒருவர் உயிரே தொங்கிக்கொண்டிருக்கலாம். பக்கத்துப் படுக்கையில் இருமொழியறிந்த ஒருவர் இருந்தால் இவ்விடர் நொடியில் தீரும். அவரைத் தேடுமுன் செயலியைத் தேடுவது இன்றைய வழக்கமாகிவருகிறது.

இவற்றுக்கெல்லாம் மாணவரையே குறைசொல்வது எளிது. 2019 முதல் அவர்தம் பாடத்திட்டத்தில் நன்னடத்தை, அறநெறி, நோயாளியுடன் உரையாடல் ஆகியவற்றுக்கெனத் தனிப்பகுதி இருக்கிறது. ஆயினும் நீட் என்னும் தேர்வால் உள்ளே வந்து, மீண்டும் ஒரு நீட் தேர்வால் மேலே செல்லவேண்டிய இளைஞர், படுக்கையருகே நின்றுகொண்டும் செயலியில் வினாவிடை பார்ப்பதில் வியப்பென்ன? அத்தேர்வு மூதாட்டியின் பெயரைக் கேட்பதில்லை. பெற்றோராகிய நாமும் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பு முடியுமுன் மகளுக்கு டேப்லெட் வாங்கித் தருகின்றோம்; தரவரிசை எண் என்ன என்று வினவுகின்றோம்; கல்லூரியில் சேர்ந்தபின் சங்க விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகின்றோம். 'இன்று யாரைப் பார்த்தாய்? அவர் எந்த ஊர்க்காரர்? வீட்டில் யார் சமைக்கின்றார்?' என்று இரவுணவின்போது கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் எத்தனை? தாராவியில் பிறந்து வெள்ளை மேலங்கி அணியும் பிள்ளைகள் இன்று நம்மிடையே உண்டு. தம் ஆச்சியின் கழுத்தைப் படமாகக் காணநேரும் முதல் தலைமுறை அவர்களே. கொடுத்தவர் தரப்பிலும் கற்பவர் தரப்பிலும் ஒருங்கே நிற்கும் அவர்களிடம் இக்கேள்வியை வைப்பதே முறை என்று எண்ணி, இம்மலரில் இதனை எழுதத் துணிந்தோம்.

எழுத்தர் தொழிலில் இருப்போர்க்கு எதற்கும் ஒரு வரைவு எழுதிப் பார்ப்பது வழக்கமாகிவிடும். மாணவர் தமிழில் படித்துக் காட்டத்தக்க வேண்டுகோள் ஒன்றை நாமும் எழுதிப் பார்த்தோம். 'அம்மா, நான் மருத்துவம் படிக்கும் மாணவி. என் பெயர் இன்னது' என்று தொடங்கினோம். 'உங்கள் கழுத்து வீக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?' என்பது இரண்டாம் வரி. 'இது எங்கள் வகுப்பில் கற்பதற்காக மட்டும். உங்கள் முகம் இதில் வராது' என்பது மூன்றாவது. 'எடுத்த படத்தை முதலில் உங்களுக்கே காட்டுவேன்' என்பது நான்காவது. 'வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது' என்பது ஐந்தாவது. இவ்வளவும் தடையின்றி எழுத வந்தது.

ஆறாவது வரி, 'பின்னால் உங்கள் மனம் மாறினால் சொல்லுங்கள், அழித்துவிடுகிறேன்' என்பது. அதனை எழுதிவிட்டு, அடித்துவிட்டோம். மாணவியின் சொந்தக் கைப்பேசியில் எடுத்து, குழுவில் பகிர்ந்த படத்தைப் பற்றி அவ்வாறு வாக்களிக்க அம்மாணவியால் இயலாது. மருத்துவமனைக்குரிய கருவியில் எடுத்து, எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்றி, அங்கேயே பார்த்து, அங்கேயே வைத்தால் மட்டுமே அவ்வரி மெய்யாகும். அத்தகைய ஏற்பாடு இருக்கும் கல்லூரியில் இவ்வேண்டுகோளுக்கு ஆறு வரிகள். இல்லாத இடத்தில் ஐந்து. நம் வரைவில் அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்கின்றோம்.